ரெஃப்ரி எப்பவும் ‘பெரிய டீம்’ பக்கம்தானா? ஓசூர் கால்பந்து ரசிகர்களின் கோபமும், அதற்குக் கிடைக்காத பதிலும்

“ரெஃப்ரியை வாங்கிட்டாங்கப்பா!”

ஐஎஸ்எல், ப்ரீமியர் லீக், லா லிகா என எந்த லீக்காக இருந்தாலும், தோற்ற அணியின் ரசிகர் முதலில் சொல்வது இதைத்தான். ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் முடிந்து கிளம்புகிற கூட்டத்திலும் இதைக் கேட்கலாம், கிருஷ்ணகிரியில் ஞாயிற்றுக்கிழமை டர்ஃப் மைதானத்திலும் கேட்கலாம். பணமும் பெயரும் உள்ள கிளப்புக்கு ஒரு விசில், மற்றவர்களுக்கு வேறொரு விசில் என்பதுதான் குற்றச்சாட்டு.

இது வெறும் தோல்விப் புலம்பலா, இல்லை நிஜமாகவே ஏதாவது இருக்கிறதா? ‘சாய்வு’ என்பதும் ‘சதி’ என்பதும் ஒன்றா? இரண்டு மாநில எல்லையில் இருக்கும் ஒரு தொழில் நகரத்துக்கு இந்தக் கேள்வி ஏன் கொஞ்சம் கூடுதலாக முக்கியம்? விரிவாகப் பார்க்கலாம்.

அந்த வெள்ளிக்கிழமை இரவு என்ன நடந்தது?

ரெஃப்ரி பற்றிய பேச்சு எங்கே ஆரம்பித்தாலும், இந்தியக் கால்பந்தில் அது கடைசியில் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான்: 2023 மார்ச் 3, பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியம்.

ஐஎஸ்எல் 2022-23 சீசனின் ப்ளே-ஆஃப் நாக்-அவுட் ஆட்டம் அது. பெங்களூரு எஃப்சி, கேரளா பிளாஸ்டர்ஸ் இரண்டுக்கும் தோற்றால் சீசன் முடிந்தது. 90 நிமிடங்களில் கோல் இல்லை. கூடுதல் நேரத்தின் முதல் பாதியில் பெங்களூருவுக்கு பாக்ஸுக்குச் சற்று வெளியே ஒரு ஃப்ரீ கிக் கிடைத்தது. கேரளா வீரர்கள் சுவர் அமைத்து முடிக்கவில்லை. கோல்கீப்பர் தன் இடத்துக்குத் திரும்பவில்லை. சுனில் சேத்ரி பந்தை அடித்துவிட்டார். பந்து வலைக்குள். ரெஃப்ரி கிரிஸ்டல் ஜான் அதை கோல் என்று அறிவித்தார்.

பிளாஸ்டர்ஸ் பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் தன் வீரர்களை மைதானத்தை விட்டு வெளியே அழைத்துக்கொண்டார். அவர்கள் திரும்பி வரவில்லை. காத்திருந்து பார்த்த பிறகு, 1-0 என பெங்களூரு வென்றதாக அறிவிக்கப்பட்டது.

அதன் பிறகு வந்தது தண்டனை. அந்த மார்ச் 31 அன்று அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு, பிளாஸ்டர்ஸுக்கு 4 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வுகோமனோவிச்சுக்கு 10 ஆட்டத் தடை, 5 லட்சம் ரூபாய் அபராதம். இருவரும் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றும் உத்தரவு. ஆட்டத்தை மறுபடி நடத்த வேண்டும் என்ற கேரளாவின் கோரிக்கை அதற்கு முன்பே நிராகரிக்கப்பட்டிருந்தது.

விதி யார் பக்கம்?

கால்பந்து விதிப்படி ஃப்ரீ கிக் அடிக்க விசிலுக்காகக் காத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் எப்போதும் இல்லை. எதிரணி அசந்திருக்கும் நேரத்தில் சட்டென்று அடிக்கலாம். இதற்குப் பெயர் ‘குவிக் ஃப்ரீ கிக்’. ஃபவுல் செய்தவன் சுவர் கட்டி முடிக்கும் வரை ஃபவுல் வாங்கியவன் காத்திருக்க வேண்டும் என்றால், தப்பு செய்தவனுக்கே லாபம் ஆகிவிடும் அல்லவா? அதனால்தான் இந்த விதி. வேகமாக அடிப்பதை வேண்டுமென்றே தடுக்கும் எதிரணி வீரருக்கு மஞ்சள் அட்டை காட்டவும் விதியில் இடம் உண்டு.

ஆனால் இதற்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. அடிக்கும் அணி ‘எதிரணியை 9.15 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள்’ என்று கேட்டால், ரெஃப்ரி தலையிட்டு தூரத்தை அளந்தால், அதன் பிறகு விசில் அடித்தால்தான் ஆட்டம் மீண்டும் தொடங்கும்.

ஆக, முழு விவகாரமும் ஒரே கேள்வியில் அடங்கிவிடுகிறது. அந்தச் சில விநாடிகளில் ரெஃப்ரிக்கும் சேத்ரிக்கும் இடையே என்ன பேச்சு நடந்தது? விசிலும் வேண்டாம், சுவரும் வேண்டாம் என்று ரெஃப்ரியிடம் முன்பே சொல்லிவிட்டதாகவும், பக்கத்தில் நின்ற பிளாஸ்டர்ஸ் வீரர் அட்ரியன் லூனாவுக்கும் அது கேட்டது என்றும் சேத்ரி ஆட்டத்துக்குப் பிறகு சொன்னார். ரெஃப்ரி தலையிட்டு இடத்தைக் குறித்துக் கொடுத்த பிறகு அது எப்படி குவிக் ஃப்ரீ கிக் ஆகும் என்பது பிளாஸ்டர்ஸின் வாதம்.

இரண்டு தரப்பும் தங்கள் கதையைச் சொல்லிவிட்டன. டிவியில் பார்த்த லட்சக்கணக்கானவர்கள் அந்த உரையாடலைக் கேட்கவில்லை. கேட்காத உரையாடலை ஆளாளுக்கு ஒரு மாதிரி எழுதிக்கொண்டார்கள். பிரச்சினை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஓசூருக்கு ஏன் இவ்வளவு சூடு?

மேப்பைத் திறந்து பார்த்தால் பதில் கிடைக்கும். தமிழ்நாட்டின் ஐஎஸ்எல் கிளப் சென்னையின் எஃப்சி. அதன் மைதானம் ஓசூரிலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல். பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியமோ சுமார் 40 கிலோமீட்டர்தான். ஓசூர்க்காரர் தன் மாநில அணியை நேரில் பார்க்கச் சுலபமான வழி, அது பக்கத்து மாநிலத்துக்கு விளையாட வரும்போது அத்திப்பள்ளி தாண்டிப் போய் ‘வெளியூர் ரசிகர்’ ஸ்டாண்டில் உட்காருவதுதான்.

ஊரின் கலவையும் அப்படி. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஓசூரின் சொந்த மொழிகள். டைட்டன், அசோக் லேலண்ட், டிவிஎஸ் தொழிற்சாலைகளும் அவற்றைச் சுற்றியுள்ள நூற்றுக்கணக்கான சிறு யூனிட்டுகளும் வேறு பல ஊர், மாநிலங்களிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்திருக்கின்றன. மலையாளிகளும் வட மாநிலத்தவரும் ஒரே கேன்டீனில் சாப்பிடுகிறார்கள். ஒரே லைனில் நீல ஜெர்சி ரசிகரும் மஞ்சள் ஜெர்சி ரசிகரும் பக்கத்துப் பக்கத்து மெஷினில் நிற்பது இங்கே சாதாரணம். சென்னையில் ஒரு ஐஎஸ்எல் சர்ச்சை செல்போனோடு முடிந்துவிடலாம். ஓசூரில் அது மறுநாள் காலை ஷிஃப்டுக்கும் வரும்.

விளையாட்டுக் கோபம் வேறொரு கோபத்தோடு ஒட்டிக்கொள்ள இந்த ஊரில் அதிக நேரம் பிடிக்காது. 2016 செப்டம்பரில் காவிரிப் பிரச்சினை வெடித்தபோது பெங்களூருவில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகள் எரிக்கப்பட்டன. இந்தப் பக்கத்திலிருந்து போன பேருந்துகள் ஓசூர் எல்லையிலேயே நின்றன. தினமும் எல்லையைத் தாண்டி வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்த நாட்கள் மறக்காது.

அதோடு ஒப்பிட்டால் ஒரு ஃப்ரீ கிக் சின்ன விஷயம்தான். ஆனால் ‘ரெஃப்ரி தப்பு பண்ணிட்டார்’ என்று ஆரம்பிக்கும் பேச்சு, ‘அவங்க ஊர்ல அவங்களுக்குத்தான் தருவாங்க’ என்று மாறி, ‘அந்த ஊர்க்காரங்களே இப்படித்தான்’ என்று முடிவதற்கு இரண்டே படிதான். முதல் படியில் இருப்பது விளையாட்டு. மூன்றாவது படியில் இருப்பது விளையாட்டு இல்லை. ஒரு முடிவுக்கு முறையான விளக்கம் கிடைக்காதபோது, அந்தக் காலி இடத்தில் ஊரும் மொழியும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. எல்லையோர ஊருக்கு இதில் இருக்கும் ஆபத்து மற்ற ஊர்களை விட அதிகம்.

சரி, இதில் ‘பெரிய டீம்’ எது?

‘பெரிய டீமுக்குச் சாதகம்’ என்ற குற்றச்சாட்டை இந்த ஆட்டத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். பெங்களூரு எஃப்சி, ஜேஎஸ்டபிள்யூ குழுமத்தின் கிளப். அந்த ஆட்டம் நடந்தபோது இந்திய அணியின் கேப்டனே அவர்களுடைய கேப்டனாகவும் இருந்தார். பணம், பெயர் இரண்டும் உண்டு. ஆனால் கேரளா பிளாஸ்டர்ஸ் ஒன்றும் ஏழை அணி இல்லை. நாட்டிலேயே மிகப் பெரிய ரசிகர் பட்டாளம் கொண்ட கிளப்புகளில் ஒன்று. கொச்சி மைதானத்தின் மஞ்சள் கடலைப் பார்த்து மிரளாத எதிரணி குறைவு. மற்ற அணிகளின் ரசிகர்களைக் கேட்டால் ‘பெரிய டீம்’ என்று பிளாஸ்டர்ஸையும்தான் சொல்வார்கள்.

இன்னும் இரண்டு வாரம் தள்ளிப் போனால் கதை அப்படியே திரும்புகிறது. மார்ச் 18 அன்று கோவாவில் இறுதி ஆட்டம். பெங்களூருவுக்கு எதிரே ஏடிகே மோகன் பகான். 2-2 என முடிந்து, பெனால்டி ஷூட்-அவுட்டில் 4-3 என மோகன் பகான் கோப்பையை எடுத்தது. ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் மோகன் பகானுக்குக் கிடைத்த பெனால்டியை பெங்களூரு தரப்பு ஏற்கவில்லை. பெங்களூரு எஃப்சி உரிமையாளர் பார்த் ஜிண்டால், ஐஎஸ்எல்லில் வீடியோ ரெஃப்ரி முறையான வி.ஏ.ஆர். வேண்டும் என்று அன்றிரவே சமூக வலைதளத்தில் பதிவிட்டார். ரெஃப்ரி முடிவால் மார்ச் 3 அன்று முன்னேறிய அணி, மார்ச் 18 அன்று ரெஃப்ரி முடிவால் பாதிக்கப்பட்டதாகச் சொன்னது.

‘பெரிய டீம்’ என்பது பல நேரம் எதிரே நிற்கும் டீம்தான். இதற்காக ரசிகர்களின் குற்றச்சாட்டு முழுவதும் கற்பனை என்று ஒதுக்கிவிட முடியுமா? முடியாது. ஏன் என்பதை ஆய்வுகள் சொல்கின்றன.

சதியா, சத்தமா?

இங்கிலாந்தில் நெவில், பால்மர், வில்லியம்ஸ் ஆகிய ஆய்வாளர்கள் 2002-ல் வெளியிட்ட சோதனை மிகப் பிரபலம். தகுதி பெற்ற 40 ரெஃப்ரிகளுக்கு ஒரே ஆட்டத்தின் வீடியோ காட்சிகளைக் காட்டினார்கள். ஒரு பாதிப் பேருக்கு மைதானத்துச் சத்தத்தோடு, இன்னொரு பாதிப் பேருக்குச் சத்தமே இல்லாமல். காட்சி ஒன்றுதான். ஆனால் சத்தத்தோடு பார்த்தவர்கள், உள்ளூர் அணிக்கு எதிராக 15.5 சதவீதம் குறைவான ஃபவுல்களையே கொடுத்தார்கள். அந்த அறையில் யாரும் யாருக்கும் பணம் கொடுக்கவில்லை. கூட்டத்தின் சத்தம் மட்டும்தான் வித்தியாசம்.

வாட்ச் தயாராகிற ஊருக்கு அடுத்த ஆய்வு இன்னும் பிடிக்கும். ஸ்பெயின் லா லிகா ஆட்டங்களில் ரெஃப்ரிகள் சேர்க்கும் ‘இன்ஜுரி டைம்’ பற்றி கரிகானோ உள்ளிட்ட மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் 2005-ல் எழுதினார்கள். உள்ளூர் அணி ஒரு கோல் பின்தங்கியிருந்தால் சராசரியை விட அதிக நேரம் சேர்க்கப்பட்டது. ஒரு கோல் முன்னிலையில் இருந்தால் குறைந்த நேரம். ரெஃப்ரியின் கையில் இருக்கும் கடிகாரம் ஒன்றுதான். கூட்டத்தின் விருப்பத்துக்கு ஏற்ப அது நீண்டும் சுருங்கியும் ஓடியிருக்கிறது.

கொரோனா காலத்தில் காலி மைதானங்களில் ஆட்டங்கள் நடந்தபோது இது இன்னொரு முறை உறுதியானது. வெளியூர் அணிகளுக்குக் காட்டப்படும் மஞ்சள் அட்டைகள் குறைந்ததை ஐரோப்பிய லீக்குகளை ஆராய்ந்த பல ஆய்வுகள் பதிவு செய்தன.

இதுவரை சொன்னது உள்ளூர் அணிச் சாய்வு. பெரிய கிளப் சாய்வுக்கு ஆதாரம் உண்டா? நார்வே நாட்டின் முதல்நிலை லீக்கில் பெனால்டி சம்பவங்களை ஆராய்ந்து 2020-ல் வெளியான ஆய்வு, வெற்றிகரமான அணிகளுக்குச் சாதகமாக முடிவுகள் சாய்ந்திருந்ததைக் கண்டறிந்தது. ஒரு சாம்பியன் அணியின் வீரர் பாக்ஸுக்குள் விழுந்தால் ‘ஃபவுலாத்தான் இருக்கும்’ என்று மனசு முன்கூட்டியே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறது. அரை விநாடியில் தீர்ப்பு சொல்ல வேண்டிய மனிதர், கண் விட்ட இடத்தை எதிர்பார்ப்பால் நிரப்பிக்கொள்கிறார்.

இதில் ஒரு எச்சரிக்கையும் வேண்டும். பெரிய அணிக்கு அதிக பெனால்டி கிடைக்கிறது என்பது மட்டுமே சாய்வுக்கு ஆதாரம் ஆகாது. எதிரணி பாக்ஸுக்குள் அதிக நேரம் பந்தோடு இருக்கும் அணிக்கு அதிக பெனால்டி கிடைப்பது இயல்பு. ஒரே மாதிரிச் சம்பவத்துக்கு இரண்டு அணிகளுக்கும் ஒரே முடிவு வந்ததா என்று பார்த்தால்தான் உண்மை தெரியும்.

சாய்வு இருக்கிறது என்பதால் முடிவு முன்பே எழுதப்பட்டுவிட்டது என்றும் இல்லை. 2018 மார்ச் 17 அன்று அதே கண்டீரவாவில், லீக் பட்டியலில் முதலிடம் பிடித்த பெங்களூருவை அதன் சொந்தக் கூட்டத்தின் முன்னாலேயே 3-2 என வீழ்த்தி சென்னையின் எஃப்சி கோப்பையைத் தூக்கியது. 2018-19 ஐ-லீக்கில் கோவையைச் சொந்த மைதானமாகக் கொண்ட சென்னை சிட்டி எஃப்சி, ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் முந்தி சாம்பியன் ஆனது. நூறு ஆண்டுப் பாரம்பரியத்தை ஒரு சின்ன கிளப் தாண்டியது.

நிஜமாகவே சதி நடந்த கதைகள்

‘அப்போ சதியே கிடையாதா?’ உண்டு. இத்தாலியில் 2006-ல் வெளிவந்த ‘கால்சியோபோலி’ ஊழல் அதற்கு உதாரணம். எந்த ஆட்டத்துக்கு எந்த ரெஃப்ரி என்று முடிவு செய்யும் பொறுப்பில் இருந்தவர்களோடு கிளப் நிர்வாகிகள் தொடர்பில் இருந்தது தொலைபேசி ஒட்டுக்கேட்பில் அம்பலமானது. யுவென்டஸ் கிளப்பின் 2004-05 சாம்பியன் பட்டம் பறிக்கப்பட்டது. அந்த மாபெரும் கிளப் இரண்டாம் டிவிஷனுக்கு இறக்கப்பட்டது.

ஸ்பெயினில் இன்னொன்று. ரெஃப்ரிகள் குழுவின் துணைத் தலைவராக இருந்த நெக்ரெய்ரா தொடர்புடைய நிறுவனங்களுக்கு பார்சிலோனா கிளப் பல ஆண்டுகளாக 70 லட்சம் யூரோவுக்கு மேல் கொடுத்த விவகாரத்தில் 2023 மார்ச்சில் வழக்குரைஞர்கள் குற்றச்சாட்டு பதிவு செய்தனர். தவறு எதுவும் செய்யவில்லை என்பதும், ரெஃப்ரி தொடர்பான அறிக்கைகளுக்காகக் கொடுத்த பணம் என்பதும் பார்சிலோனாவின் பதில்.

இந்த இரண்டு விவகாரங்களிலும் ஒரு பொதுவான விஷயம் கவனிக்க வேண்டியது. கேள்வி மைதானத்தில் விசில் ஊதியவரோடு நிற்கவில்லை. ரெஃப்ரியை நியமிக்கும், மதிப்பிடும் இடத்தை நோக்கிப் போனது. ரசிகர் கோபம் முழுவதும் விசில் ஊதும் ஒருவர் மேல் பாய்கிறது. கேள்வி கேட்க வேண்டிய நாற்காலியோ ஆபீஸில் இருக்கிறது.

தெரு கிரிக்கெட் சொல்லும் பாடம்

தெரு கிரிக்கெட்டில் எல்பிடபிள்யூ கிடையாது. ஏன் என்று எல்லோருக்கும் தெரியும். அம்பயராக நிற்பது பேட்டிங் டீம் ஆள். அவன் எப்படி அவுட் கொடுப்பான்? யாரும் அவனைத் திட்டவில்லை. ‘இந்த ஏற்பாட்டில் இந்த முடிவு நியாயமாக வராது’ என்று புரிந்துகொண்டு விதியையே மாற்றிவிட்டார்கள்.

சர்வதேச கிரிக்கெட்டும் இதே வழியில்தான் வந்தது. டெஸ்ட் ஆட்டங்களில் 1994 முதல் ஒரு அம்பயரும், 2002 முதல் இரண்டு அம்பயர்களும் பொது நாட்டவராக இருக்க வேண்டும் என்ற முறை வந்தது. 1986 முதல் 2012 வரையிலான 1,000 டெஸ்ட் ஆட்டங்களை ஆராய்ந்த ஆய்வு, இரண்டு பொது அம்பயர்கள் வந்த பிறகு எல்பிடபிள்யூவில் உள்ளூர் அணிக்கு இருந்த சாதகம் மறைந்துபோனதைக் காட்டியது. அதாவது, மனிதர்களை மாற்றச் சொல்லித் திட்டுவதை விட ஏற்பாட்டை மாற்றுவது பலன் தருகிறது.

வி.ஏ.ஆர். வந்தால் எல்லாம் சரியாகிவிடுமா?

2024-25 சீசன் முடியும் வரை ஐஎஸ்எல்லில் வி.ஏ.ஆர். இல்லை. காரணம் பணம். ஒவ்வொரு மைதானத்துக்கும் கேமராக்கள், தொழில்நுட்பம், பயிற்சி பெற்ற தனி ரெஃப்ரிகள் என்று செலவு நீண்டுகொண்டே போகும். செலவு குறைந்த ‘வி.ஏ.ஆர். லைட்’ முறையைப் பற்றி அறிய சம்மேளனத் தலைவர் கல்யாண் சௌபே 2023-ல் பெல்ஜியம் வரை போய் வந்தார்.

ஆனால் வி.ஏ.ஆர். இருக்கும் ஊரில் சண்டை ஓய்ந்துவிட்டதா? இல்லை. 2024 ஏப்ரலில் எவர்ட்டனிடம் தோற்ற நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட், மூன்று பெனால்டிகள் மறுக்கப்பட்டதாகச் சொல்லி, வி.ஏ.ஆர். அதிகாரி போட்டி அணியொன்றின் ரசிகர் என்று சமூக வலைதளத்தில் பதிவிட்டது. அதற்கு விலை 7,50,000 பவுண்ட் அபராதம். அதே ஆண்டு ஜூனில் வி.ஏ.ஆரையே நீக்க வேண்டும் என்று வுல்வ்ஸ் கிளப் ப்ரீமியர் லீக்கில் தீர்மானம் கொண்டுவந்தது. 19-1 என்ற வாக்கில் தோற்றது. ஆதரித்த ஒரே ஓட்டு வுல்வ்ஸுடையதுதான்.

பெரிய கிளப்புக்கும் அடி விழுகிறது. 2023 செப்டம்பர் 30 அன்று டாட்டன்ஹாமுக்கு எதிராக லிவர்பூல் வீரர் லூயிஸ் டியாஸ் அடித்த சரியான கோல், வி.ஏ.ஆர். அறையில் நடந்த குழப்பத்தால் மறுக்கப்பட்டது. ஆனால் அதன் பிறகு நடந்ததுதான் இங்கே முக்கியம். சில நாட்களிலேயே அந்த அறையின் ஒலிப்பதிவு வெளியிடப்பட்டது. மைதானத்தில் கொடுத்த முடிவு என்னவென்று தப்பாகப் புரிந்துகொண்டு ‘செக் முடிந்தது’ என்று சொல்லிவிட்டு, தவறை உணர்ந்து பதறும் குரல்களை உலகமே கேட்டது. லிவர்பூல் ரசிகர்களின் கோபம் தணியவில்லைதான். ஆனால் அது சதி இல்லை, சொதப்பல் என்பது கேட்டவர்களுக்குப் புரிந்தது.

கண்டீரவாவில் கிடைக்காமல் போனது இதுதான். ஒரு கேமரா கூடுதலாக இருந்திருந்தாலும் சேத்ரி என்ன சொன்னார், ரெஃப்ரி என்ன சொன்னார் என்பது தெரிந்திருக்காது. ஒரு ஒலிப்பதிவு அதைத் தீர்த்திருக்கும்.

ஷாப் ஃப்ளோரில் இருக்கும் ஒழுங்கு

சிப்காட்டில் வேலை செய்யும் எந்த குவாலிட்டி இன்ஜினீயரிடமும் கேட்டுப் பாருங்கள். கஸ்டமரிடமிருந்து ஒரு பார்ட் ரிஜெக்ட் ஆகித் திரும்பி வந்தால், ‘மெஷின் ஆபரேட்டர் துரோகி’ என்று யாரும் எழுதுவதில்லை. ‘தப்பே நடக்கலை’ என்றும் சொல்ல முடியாது. உட்கார்ந்து ‘வொய்-வொய் அனாலிசிஸ்’ போட வேண்டும். ஏன் நடந்தது, அதற்கு ஏன், அதற்கும் ஏன் என்று வேர் வரைக்கும் போய், மறுபடி நடக்காமல் இருக்க என்ன செய்யப்போகிறோம் என்று எழுதி, தேதி போட்டு, கஸ்டமருக்கு அனுப்ப வேண்டும். அந்த ரிப்போர்ட் போனால்தான் அடுத்த ஆர்டர்.

இந்தியக் கால்பந்தின் கஸ்டமர் யார்? டிக்கெட்டுக்கும் ஜெர்சிக்கும் சப்ஸ்கிரிப்ஷனுக்கும் காசு கொடுக்கும் ரசிகர். அவருக்கு அனுப்பப்படுவது அபராத அறிவிப்பு மட்டும்தான். மைதானத்தை விட்டு வெளியேறியது தவறு, அதற்குத் தண்டனை வேண்டும் என்பதில் மறுப்பு இல்லை. எல்லா அணியும் பிடிக்காத முடிவுக்கெல்லாம் வெளியே போனால் லீக்கே நடக்காது. ஆனால் கோபப்பட்டவருக்கு 4 கோடி ரூபாய் பில் போடும் அமைப்பு, கோபத்துக்குக் காரணமான முடிவை ரசிகருக்குப் புரியும்படி விளக்கவும் கடமைப்பட்டிருக்கிறது. தண்டனை வாயை மூட வைக்கும். சந்தேகத்தைத் தீர்க்காது.

என்ன செய்யலாம்?

பெரிய செலவில்லாமல் உடனே செய்யக்கூடியவையே நிறைய இருக்கின்றன.

• ஒவ்வொரு சுற்று முடிந்த பிறகும், சர்ச்சைக்குள்ளான முடிவுகளுக்கு வீடியோவோடு விளக்கம் தர வேண்டும். எது சரி, எது தவறு, எந்த விதிப்படி என்று. ஆங்கிலத்தோடு தமிழ், மலையாளம், கன்னடம், வங்காளம் என ரசிகர் பேசும் மொழிகளிலும்.

• முக்கிய ஆட்டங்களில் ரெஃப்ரியின் உரையாடலைப் பதிவு செய்து, பெரிய சர்ச்சை வந்தால் வெளியிட வேண்டும். ஐபிஎல்லில் தேர்ட் அம்பயர் பேசுவதை நேரலையில் கேட்டுப் பழகிய ரசிகர்களுக்கு இது ஒன்றும் புதிதில்லை. 2023 பெண்கள் உலகக் கோப்பையில் ரெஃப்ரிகளே மைக்கில் முடிவை அறிவித்தார்கள்.

• ரெஃப்ரி நியமனம் எப்படி நடக்கிறது, அவர்களை மதிப்பிடுவது யார், மோசமான ஆட்டத்துக்குப் பிறகு என்ன நடவடிக்கை என்பதெல்லாம் பொதுவெளியில் இருக்க வேண்டும். கால்சியோபோலி கற்றுக்கொடுத்த பாடம் இது.

• முழு வி.ஏ.ஆருக்குக் காசில்லை என்றால், ஃபிஃபா சோதித்துவரும் ‘ஃபுட்பால் வீடியோ சப்போர்ட்’ முறையைப் பார்க்கலாம். 2024-ல் கொலம்பியாவில் நடந்த 20 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பையில் அது பயன்பட்டது. கிரிக்கெட்டின் டிஆர்எஸ் போல, ஒவ்வொரு பயிற்சியாளருக்கும் இரண்டு வாய்ப்பு. அவர் கேட்டால் ரெஃப்ரி மைதான ஓரத்து மானிட்டரில் தானே பார்த்து முடிவு சொல்வார். தனி வீடியோ அறை வேண்டாம். டிஆர்எஸ் பார்த்து வளர்ந்த நாட்டில் இதற்குப் பாடம் எடுக்கவும் தேவையில்லை.

• ரெஃப்ரிகளுக்கு நல்ல சம்பளம், முழுநேர வேலை, பாதுகாப்பு. வீரருக்குக் கோடிகளில் ஒப்பந்தம் போடும் லீக், அந்த ஆட்டத்தின் தீர்ப்பைச் சொல்பவரைப் பகுதிநேர ஆளாக வைத்துக்கொண்டு தரத்தை எதிர்பார்க்க முடியாது.

ரசிகர்களுக்கும் ஒரு பங்கு உண்டு

கேள்வி கேட்பது ரசிகரின் உரிமை. ரெஃப்ரியின் குடும்பப் படத்தைத் தேடி எடுத்து அடியில் வசை எழுதுவது அந்த உரிமைக்குள் வராது. பெயரை வைத்து அவர் எந்த மாநிலம், எந்த மொழி என்று ஆராய்வதும் வராது. சத்தம்தான் ரெஃப்ரியைச் சாய்க்கிறது என்று ஆய்வுகள் சொல்லும்போது, மிரட்டல் அவரை நியாயத்தின் பக்கம் சாய்க்கும் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை. அடுத்த முறை யார் அதிகமாக மிரட்டுவார்களோ அவர்கள் பக்கம்தான் சாய்வார். அந்தப் போட்டியில் கடைசியில் ஜெயிப்பது பெரிய கிளப்பின் பெரிய கூட்டமாகத்தான் இருக்கும். சின்ன அணிக்கு அதில் ஒரு லாபமும் கிடையாது.

பார்க்கிற பார்வையிலும் கொஞ்சம் மாற்றம் தேவை. திண்டுக்கல்லைச் சேர்ந்த ரூபா தேவி ஃபிஃபா பேட்ஜ் பெற்ற ரெஃப்ரி. இந்த மாநிலத்திலிருந்து அப்படி ஒருவர் வர முடியும் என்றால், ஓசூர், கிருஷ்ணகிரி பள்ளி மைதானங்களிலிருந்தும் வர முடியும். உள்ளூர் டோர்னமென்டில் கமிட்டி டீமுக்கே விசில் ஊதும் ரெஃப்ரியைப் பற்றிப் புலம்பும் இளைஞர்கள், ரெஃப்ரி பயிற்சிக்குப் பெயர் கொடுத்தால் அந்தப் புலம்பலுக்கு ஒரு பயன் இருக்கும்.

‘ரெஃப்ரியை வாங்கிட்டாங்க’ என்ற வாக்கியம் பெரும்பாலும் தவறு. ‘ரெஃப்ரி சாய்கிறார்’ என்பது பல நேரம் சரி. இரண்டையும் பிரித்துக் காட்ட வேண்டிய பொறுப்பு ரசிகரிடம் இல்லை, ஆட்டத்தை நடத்துகிறவர்களிடம் இருக்கிறது. விளக்கம் சொல்ல ஆகும் செலவு வி.ஏ.ஆர். கேமராக்களை விட மிகக் குறைவு. சொல்லாமல் விட்டால், நீல ஜெர்சியும் மஞ்சள் ஜெர்சியும் பக்கத்துப் பக்கத்து மெஷினில் நிற்கும் ஓசூர் மாதிரி ஊர்கள்தான் அதன் விலையைக் கொடுக்கும்.